120 டன் மக்காச்சோள சைலோவுக்கு லோடு செல்: நாலு காலுக்கும் வேண்டுமா, இரண்டு போதுமா?

தீவனஆலை_நாமக்கல்:

வணக்கம். கோழித் தீவன ஆலை. கூம்பு அடி வைத்த இரும்பு சைலோ (தானியம் சேமிக்கும் உயரத் தொட்டி) ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. விவரம்:

விட்டம் 4.6 மீ., உருளைப் பகுதி 9 மீ., கூம்பு 3.5 மீ. கூம்பின் வாய் தரையிலிருந்து 2 மீ. உயரத்தில். நாலு கால், 219 மி.மீ. பைப், 8 மி.மீ. தடிமன், குறுக்கு பிரேசிங் உண்டு. காலி எடை சுமார் 14 டன். மக்காச்சோளம் நிரப்பினால் 120 டன் பிடிக்கும்.

இப்போது இருப்பைக் கயிறு விட்டு அளந்து, கனஅளவைப் போட்டு, டன்னாக மாற்றுகிறோம். வே பிரிட்ஜ் (லாரி எடைமேடை) வரவுக்கும் இந்தக் கணக்குக்கும் மாதாமாதம் 5, 6 டன் இடிக்கிறது. எடையாகவே பார்க்க வேண்டும் என்று முதலாளி சொல்கிறார்.

மூன்று விதமான கொட்டேஷன் வந்திருக்கிறது. ஒன்று, நாலு காலுக்கும் லோடு செல் (சுமையை மின் சிக்னலாக மாற்றும் சென்சார்). இரண்டாவது, இரண்டு காலுக்கு லோடு செல், மற்ற இரண்டுக்கு டம்மி (அளக்காத வெறும் கட்டை). காட்டுவதை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். மூன்றாவது, காலை வெட்டாமல் பக்கவாட்டில் போல்ட் போட்டு மாட்டும் ஸ்ட்ரெய்ன் சென்சார் (சுமையில் இரும்பு சுருங்குவதை அளப்பது). எதை எடுப்பது? 0.5 சதவீதத்துக்குள் வந்தால் போதும்.

எடைக்கருவி_சேலம்:

0.5 சதவீதம் என்றால் 600 கிலோ. உங்கள் மூன்றில் முதலாவது மட்டும்தான் அதற்கு வரும். மற்ற இரண்டும் ஏன் வராது என்று கணக்கிலேயே பார்க்கலாம்.

முதலில் போல்ட் சென்சார். உங்கள் பைப்பின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 53 சதுர செ.மீ. 120 டன்னில் ஒரு காலுக்கு 30 டன் வந்தால் அழுத்தம் சதுர மி.மீ.க்கு 55 நியூட்டன் சொச்சம். அதற்கு இரும்பு சுருங்குவது 277 மைக்ரோஸ்ட்ரெய்ன் (நீளத்தில் பத்து லட்சத்துக்கு 277 பங்கு). இதே இரும்பு 1 டிகிரி சூடானால் 12 மைக்ரோஸ்ட்ரெய்ன் நீளும். காலின் வெயில் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் 120 ஆகிவிட்டது, அதாவது முழுச் சரக்கின் சிக்னலில் பாதிக்குச் சற்றுக் குறைவு. சென்சாருக்குள் வெப்ப ஈடு இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது தான் ஒட்டியிருக்கும் இடத்தின் சூட்டைத்தான் ஈடு செய்யும். கால் வளைவதை அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. ஒரே காலில் எதிரெதிர்ப் பக்கம் இரண்டு, 90 டிகிரியில் இன்னும் இரண்டு என்று மாட்டினால் வளைவு பெரும்பாலும் கழிந்துபோகும். அப்படிச் செய்தும் 2 முதல் 5 சதவீதம் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும். தீர்ந்துவிட்டதா, பாதி இருக்கிறதா என்று தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு அது நல்ல சாமான். உங்களுக்கு இல்லை.

அடுத்து இரண்டு லோடு செல், இரண்டு டம்மி. தண்ணீர்த் தொட்டிக்குச் செய்வார்கள். திரவம் தானாக மட்டம் ஆகிவிடும், அதனால் ஓரளவு சரிவரும். சோளம் அப்படி இல்லை. ஸ்பௌட் (மேலிருந்து சோளம் விழும் குழாய்) ஒரு பக்கமாகக் கொட்டினால் குவியலும் அந்தப் பக்கமே சாயும். இதில் காற்றும் சேர்ந்துகொள்ளும். வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ. காற்று உங்கள் சைலோ மேல் அடித்தால், அடிமட்டத்தில் வைத்த இரண்டு லோடு செல்லும் ஒரே பக்கம் இருக்கும்பட்சத்தில், அந்த இரண்டிலும் சேர்த்து சுமார் 650 கிலோ ஏறும் அல்லது இறங்கும். இரண்டால் பெருக்குகிறீர்கள், ஆக 1.3 டன். இது ஆடி மாதத்துச் சாதாரணக் காற்றுதான், புயல் கணக்கே இல்லை.

குறுக்காக எதிரெதிர் மூலையில் வைக்கலாமே என்று கேட்பார்கள். காற்று கழிந்துபோகும், ஆமாம். ஆனால் நாலு கால் ஸ்டூல் போலத்தான் சைலோவும்: தரை ஒரு மி.மீ. இறங்கினால் சுமை ஒரு குறுக்கு ஜோடியிலிருந்து மற்ற ஜோடிக்கு மாறிவிடும். லோடு செல் இல்லாத ஜோடிக்கு எவ்வளவு போனது என்று யாருக்குத் தெரியும்?

நாலிலும் இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒரு பக்கம் ஏறியது மறுபக்கம் இறங்கும், கூட்டுத்தொகை மாறாது.

கட்டுமானக்_கணக்கு:

மேலே சொன்னது சரி. அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: லோடு செல்லை எந்த உயரத்தில் வைப்பது என்பதை எடைக்கருவிக்காரர் தனியாக முடிவு செய்யக்கூடாது.

காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 மூன்றாம் பகுதிப்படி காற்றழுத்தம் 0.6 × வேகத்தின் வர்க்கம். அடிப்படை வேகத்தை வினாடிக்கு 39 மீட்டர் என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 913 நியூட்டன். (மதுரை, கோவைக்கு இந்த எண். உங்கள் இடத்துக்கு வரைபடத்தைப் பார்த்து, நிலம், உயரம் சார்ந்த காரணிகளையும் பெருக்க வேண்டும். இது தோராயம்.) சைலோவின் எதிர்முகப் பரப்பு 52 சதுர மீட்டர் சொச்சம், வடிவக் குணகம் 0.7. காற்று தள்ளுவது 33 கிலோநியூட்டன், சுமார் 3.4 டன்.

இந்தத் தள்ளல் தரையிலிருந்து 9.5 மீ. உயரத்தில் விழுகிறது. லோடு செல் காலின் அடியில் இருந்தால், குறுக்கு மூலையில் காற்று அடிக்கும்போது ஒரு காலில் 7 டன் கூடும், எதிர்க்காலில் 7 டன் குறையும். காலி சைலோவில் ஒரு காலுக்கு வருவதே 3.5 டன்தான். ஆக, அந்தக் கால் 3.5 டன் விசையோடு மேலே கிளம்பப் பார்க்கும். இன்று அடித்தட்டில் இருக்கும் ஹோல்டிங் போல்ட் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. லோடு செல்லை நடுவில் நுழைத்ததும் அந்தப் பிடி போய்விடும். எனவே மேலே கிளம்பாமல் தடுக்கும் போல்ட் உள்ள மவுண்ட் (லோடு செல் உட்காரும் இருக்கை) கட்டாயம்.

அதே லோடு செல்லைக் காலின் உச்சியில், வளையக் கர்டருக்குக் கீழே, 5.5 மீ. உயரத்தில் வைத்தால் நெம்பு தூரம் 4 மீட்டராகிவிடும். கூடுதல் குறைச்சல் 3 டன்தான். காலியாக இருந்தாலும் கால் கிளம்பாது. புதிதாகக் கட்டினால் உச்சியில்தான் வையுங்கள் என்பேன். ஓடுகிற சைலோவில் உச்சியில் வெட்டுவது பெரிய வேலை, அதனால் அடியிலேயே செய்வார்கள். பரவாயில்லை, ஆனால் கால்களின் அடி அகன்று போகாதபடி நாலு காலையும் அடிப்பக்கம் கிடைமட்ட டை பீம் போட்டுக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நிரம்ப நிரம்பக் கால் வெளியே நழுவும், லோடு செல் பக்கவாட்டில் தள்ளப்படும்.

லோடு செல் அளவு: (14 + 120) ÷ 4 = 33.5 டன். சுமை சமமாகப் பிரியாது என்பதால் 15 சதவீதம் சேர்த்தால் 38.5. காற்றுக்கு 7. மொத்தம் 45.5. ஒவ்வொன்றும் 50 டன் போதும். பயம் என்று 100 டன் வாங்காதீர்கள், சிக்னல் பாதியாகிவிடும். நிலநடுக்கத்துக்கு ஐஎஸ் 1893 கணக்கைத் தனியாகப் போட்டுவிட்டு இந்த எண்ணை முடிவு செய்யுங்கள்.

தீவனஆலை_நாமக்கல்:

நன்றி சார். நாலுக்கும் என்று முடிவு. அடியில்தான் முடியும். காலை எப்படி வெட்டுவது? பிறகு, மேலே எலிவேட்டரிலிருந்து 250 மி.மீ. ஸ்பௌட் நேராக போல்ட் போட்டிருக்கிறது. பக்கத்து ஷெட்டிலிருந்து ஒரு கேட்வாக் வந்து சைலோ கூரையில் வெல்டிங். கீழே செயின் கன்வேயர். இவை தொந்தரவு தருமா?

கட்டுமானக்_கணக்கு:

வெட்டும் முறை. சைலோ முழுக்கக் காலி. காற்று இல்லாத காலை நேரம்.

காலின் இரு பக்கமும் பிராக்கெட் வெல்டிங் செய்து, காலுக்கு இரண்டு ஜாக்கி வீதம் எட்டு. ஒவ்வொன்றும் 20 டன், லாக் நட் உள்ளது. 14 டன்னுக்கு இது அதிகம்தான். ஆனால் ஒரு ஜாக்கி எண்ணெய் விட்டாலும் மற்றது தாங்க வேண்டும். நாலு காலிலும் சுமை ஜாக்கிக்கு மாறியதும் லாக் நட்டை இறுக்கிவிடுங்கள். வெறும் எண்ணெய் அழுத்தத்தை நம்பி யாரும் காலுக்கடியில் கை வைக்கக்கூடாது. பக்கவாட்டில் சாயாமல் நாலு திசையிலும் இழுவைக் கயிறு கட்டிவிட்டு ஒவ்வொரு காலாக வெட்டுங்கள். ஒரு கால் முடிந்து, டம்மி கட்டை உட்கார்ந்த பிறகுதான் அடுத்தது. ஒரு காலை மட்டும் 3 மி.மீ.க்கு மேல் தூக்கினால் பிரேசிங் வெல்டிங்கில் கீறல் விடும்.

வெட்டி எடுக்கும் துண்டு = மவுண்டின் உயரம் + மேல் தட்டு, கீழ்த் தட்டு. தட்டு 25 மி.மீ.க்குக் குறையாமல். சைலோ உயரம் முன்பு இருந்தபடியே நிற்கும், மேலே ஸ்பௌட் இடிக்காது. தட்டின் மட்டம் அரை டிகிரிக்குள். கீழே சுருங்காத கிரவுட் (நிரப்புக் கலவை) 25 முதல் 40 மி.மீ.

இந்த வேலை முழுக்க டம்மி கட்டையோடுதான். லோடு செல்லை உள்ளே வைத்துக்கொண்டு வெல்டிங் செய்தால் மின்சாரம் அதன் வழியாகவே தரைக்குப் போகும், உள்ளே இருக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் கருகிவிடும். எல்லா வெல்டிங்கும் முடிந்தபின் கடைசியாகத்தான் லோடு செல். பிற்காலத்தில் சைலோவில் எந்தச் சின்ன வெல்டிங் வந்தாலும் எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் துண்டிலேயே மாட்டச் சொல்லுங்கள். மவுண்டுக்கு மேலும் கீழும் இணைக்கும் தாமிர எர்த் பட்டை நாலு காலிலும் இருக்கட்டும். இடி மின்னலுக்கும் அதுதான் காப்பு.

எடைக்கருவி_சேலம்:

ஸ்பௌட், கேட்வாக், கன்வேயர் மூன்றும் தொந்தரவுதான். சைலோ எடை தவறுகிற இடங்களில் லோடு செல் பழுது என்பது குறைவு. எடை வேறு வழியாகத் தரைக்குப் போவதுதான் பெரும்பாலும் காரணம்.

120 டன் ஏறினால் லோடு செல், அஸ்திவாரம், கால் எல்லாம் சேர்ந்து சைலோ 2 மி.மீ. இறங்கும் என்று வையுங்கள். உங்கள் கேட்வாக் ஒரு மி.மீ. வளைய அரை டன் விசை கேட்கும் அளவுக்குக் கெட்டியாக இருந்தால், 1 டன்னைக் கேட்வாக் தாங்கிக்கொள்ளும். இண்டிகேட்டர் (எடை காட்டும் பெட்டி) 119 காட்டும். அது நேர்கோட்டிலும் போகாது; போல்ட் ஓட்டையில் இருக்கும் ஆட்டம் தீரும்வரை ஒன்றும் தெரியாது, பிறகு திடீரென்று பிடிக்கும்.

கேட்வாக்: வெல்டிங்கை வெட்டிவிட்டு, சைலோ பக்கத்து முனைக்குத் தனித் தூண் கொடுங்கள். சைலோவுக்கும் நடைபாதைக்கும் நடுவில் 25 மி.மீ. இடைவெளி. கைப்பிடிக் கம்பியையும் மறக்காமல் வெட்ட வேண்டும். ஸ்பௌட்: 50 மி.மீ. இடைவெளி விட்டு கேன்வாஸ் உறை, தொளதொளவென்று. இழுத்துக் கட்டிய உறையும் பைப்பும் ஒன்றுதான். கீழே ஸ்லைடு கேட்டுக்கும் கன்வேயருக்கும் நடுவிலும் அதே. ஏணி சைலோவில் மட்டும் பிடிக்கட்டும், அடி முனை தரையைத் தொடாமல் தொங்கட்டும். ஏரேஷன் டக்ட் (காற்றூட்டும் குழாய்), வெப்பநிலைக் கேபிள் பைப், எலிவேட்டருக்குப் போட்ட முட்டுக் கம்பி இவற்றையும் சுற்றி வந்து பாருங்கள். பக்கவாட்டுக் கட்டுப்பாட்டுக் கம்பி கண்டிப்பாகக் கிடைமட்டமாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் அது இழுக்கும்போது மேலோ கீழோ ஒரு விசை கூட வரும்.

மவுண்ட் வாங்கும்போது மூன்று மூலை மிதக்கும் (பக்கவாட்டில் கொஞ்சம் நகரும்), ஒரு மூலை நிலையாக நிற்கும் என்ற அமைப்பைக் கேளுங்கள். கால்களுக்கு நடுவே 3.25 மீ.; 40 டிகிரி வித்தியாசத்தில் ஒன்றரை மி.மீ. நீளும். அதற்கு இடம் இல்லாவிட்டால் அந்த விசை லோடு செல்லுக்குள் போகும்.

மேலே கிளம்பாமல் தடுக்கும் போல்ட்டில் 1 முதல் 2 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ஃபிட்டர் 'லூசாக இருக்கிறதே' என்று ஸ்பேனர் போட்டு இறுக்கிவிடுவார். அத்தோடு எடை போச்சு. செக் நட் போட்டு, பெயின்ட் கோடு இழுத்து, பக்கத்தில் 'இறுக்காதே' என்று தமிழில் எழுதி வையுங்கள்.

மின்பக்கம். 2 மில்லிவோல்ட்/வோல்ட், 350 ஓம், ஓஐஎம்எல் சி3 துல்லிய வகுப்பு, ஐபி 68 (புழுதி, தண்ணீர் புகாதது). நாலும் ஒரே சீராகப் பொருத்தி வந்த செட்டாகக் கேளுங்கள், காரணம் சைலோவில் மூலைக்கு மூலை எடைக்கல் வைத்து ஜங்ஷன் பாக்ஸில் (நாலு கேபிளும் சேரும் பெட்டி) ஒவ்வொன்றையும் தனியாகச் சரிசெய்ய வழியில்லை. நாலு இணையாகச் சேர்ந்தால் 87.5 ஓம், இண்டிகேட்டர் 10 வோல்ட்டில் 115 மில்லிஆம்பியர் கொடுக்க வேண்டும். மொத்தக் கொள்ளளவு 200 டன்னுக்கு 20 மில்லிவோல்ட், ஆக 20 கிலோவுக்கு 2 மைக்ரோவோல்ட். நல்ல இண்டிகேட்டருக்கு இது வசதியான அளவு. ஜங்ஷன் பாக்ஸிலிருந்து இண்டிகேட்டருக்கு ஆறு கம்பிக் கேபிள், மோட்டார் கேபிள் போகும் டிரேயில் வேண்டாம். லோடு செல்லோடு வரும் நாலு கம்பிக் கேபிளை நீளம் என்று வெட்டாதீர்கள், சுருட்டி வையுங்கள். கம்பி நீளத்தோடு சேர்த்துத்தான் அதன் அளவு குறிக்கப்பட்டிருக்கிறது. புழுதி வெடிப்புப் பகுதி என்று வரையறுத்த இடத்தில் வந்தால் மின்சக்தியைக் கட்டுப்படுத்தும் பேரியரோடு கூடிய அங்கீகரிக்கப்பட்ட செட்தான்.

லோடு செல் உட்கார்ந்ததும், சைலோ காலியாக, ஒவ்வொன்றின் மில்லிவோல்ட்டையும் தனித்தனியே பாருங்கள். ஒன்றுக்கொன்று 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும். குறைவாகக் காட்டும் காலுக்கு அரை மி.மீ. ஷிம் (மெல்லிய தகடு) போட்டால் எதிர் மூலையிலும் சேர்ந்து மாறும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக.

காலிபரேஷன் வே பிரிட்ஜை வைத்துத்தான். முத்திரை நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எலிவேட்டர் பிட், கன்வேயர் எல்லாம் காலி. காலி சைலோவில் ஜீரோ. ஒரு லாரி கொட்டி, எலிவேட்டர் முழுவதும் ஓடி முடிந்து, பிட்டைக் கூட்டிப் பெருக்கிச் சேர்த்தபின் எண்ணைக் குறியுங்கள். லாரியைக் காலியாகவும் அதே வே பிரிட்ஜில், டிரைவர் அதே நிலையில் (உள்ளேயா வெளியேயா) எடுக்க வேண்டும். ஐந்து லோடு போனால் சைலோ நிரம்பிவிடும். ஸ்பான் (முழு எடைக்கான அளவு) அமைப்பதை முதல் லோடில் செய்யாதீர்கள். கடைசி லோடில், முழு எடைக்கு அமைத்து, நடுப்புள்ளிகளைச் சரிபார்க்க வையுங்கள். நடுப்புள்ளி நேர்கோட்டில் வரவில்லை என்றால் இண்டிகேட்டரில் கோணலைத் திருத்தும் வசதி இருக்கிறதே என்று அதைப் போடாதீர்கள். எங்கோ இடிக்கிறது, அதைத் தேடுங்கள்.

தேடுவதற்குச் சுலபமான வழி: கால்களில் லோடு செல்லுக்கு மேலே கொக்கி வைத்து, காலுக்கு 250 கிலோ வீதம் தெரிந்த எடை 1 டன் தொங்கவிடுங்கள். காலியில் 1,000 காட்டி, நிரம்பியபின் 940 காட்டினால், நிரம்பும்போது எதுவோ முட்டுக் கொடுக்கிறது.

பிளான்ட்_மெயின்ட்டனன்ஸ்:

மாட்டிய பிறகு வரும் பிரச்சினைக்கு ஒரு குறிப்பு. சரக்கு உள்ளேயும் வெளியேயும் போகாத ஒரு நாளில், 24 மணி நேரம், மணிக்கு ஒருமுறை நாலு செல்லையும் தனித்தனியாகப் பதியுங்கள். டிஜிட்டல் ஜங்ஷன் பாக்ஸ் என்றால் தானே பதியும்.

தனித்தனியாக ஏறி இறங்குகிறது, கூட்டுத்தொகை நிற்கிறது: வெயிலும் காற்றும். விட்டுவிடுங்கள். கூட்டுத்தொகையே மதியம் ஏறி இரவில் திரும்புகிறது: ஏதோ ஒரு இணைப்பு சூட்டில் நீண்டு தள்ளுகிறது, பெரும்பாலும் மேல் ஸ்பௌட். ஒரே ஒரு செல் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போகிறது: ஈரம் இறங்கிவிட்டது. கேபிளைக் கழற்றி, 50 வோல்ட் சோதனைக் கருவியால் மட்டும் இன்சுலேஷன் பாருங்கள். 5,000 மெகாஓமுக்கு மேல் நல்லது, 1,000க்குக் கீழே என்றால் மாற்ற வேண்டியதுதான். எலக்ட்ரீஷியனின் 500 வோல்ட் மெகர் வேண்டாம், அதுவே செல்லைக் கொன்றுவிடும்.

தீவன ஆலை என்றால் எலி. கேபிள் முழுக்க ஜிஐ பைப்பில், பைப் வாய் அடைத்து. மவுண்டுக்கு அடியில் புழுதியும் சோளமும் குவிந்து கெட்டியானால் அதுவும் ஒரு முட்டுதான். வாரம் ஒருமுறை ஏர் அடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டாம்.

ரேடார்காரன்:

லோடு செல் போட முடியாத, தரையோடு உட்காரும் பெரிய சைலோ வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக: அங்கே மட்டம்தான் வழி. உங்கள் 4.6 மீ. விட்டத்திலேயே, 25 டிகிரி சாய்வில் குவிந்தால் குவியலின் உச்சி சுவர் ஓரத்தைவிட 1 மீட்டருக்கு மேல் உயரம்; அந்தக் குவியலில் மட்டும் 4 டன் இருக்கும். கயிற்றை எந்த இடத்தில் விடுகிறீர்கள் என்பதிலேயே உங்கள் 5, 6 டன்னில் பெரும்பகுதி இருக்கிறது. மையத்திலிருந்து ஆரத்தின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் (உங்களுக்குச் சுவரிலிருந்து 77 செ.மீ.) அளந்தால் குவியலானாலும் குழியானாலும் சராசரி மட்டம் கிடைக்கும், மையத்தில் கொட்டி மையத்தில் எடுத்தால். 80 கிகாஹெர்ட்ஸ் ரேடாரையும் அங்கேயே மாட்டலாம். அப்போதும் அடர்த்தியை நீங்கள்தான் ஊகித்துப் போட வேண்டும். 0.72 என்று போட்டுவிட்டு உண்மையில் 0.69 இருந்தால் 120 டன்னில் 5 டன் காணோம்.

தீவனஆலை_நாமக்கல்:

சுவர் ஓரமாகத்தான் கயிறு விடுகிறார்கள்! லோடு செல் வரும்வரை அந்த இடத்தை மாற்றச் சொல்லிவிட்டேன். கடைசியாக ஒன்று: இதெல்லாம் செய்தபின் வரவும் செலவும் இருப்பும் நேராக வந்துவிடுமா? சைலோ எடையை வைத்தே சப்ளையருக்குப் பில் போடலாமா?

எடைக்கருவி_சேலம்:

பில் வேண்டாம். சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009இன்படி விற்பனை வாங்கலுக்குச் சரிபார்த்து முத்திரையிட்ட கருவிதான். சைலோ எடை உங்கள் உள்கணக்குக்கு.

நேராக வருமா என்றால், ஈரப்பதத்தைச் சேர்த்தால் வரும். 14 சதவீத ஈரத்தில் 100 டன் உள்ளே போய், ஏரேஷனில் 12 சதவீதமாக வெளியே வந்தால் அது 97.7 டன்தான். 2.3 டன் தண்ணீராகப் போய்விட்டது, லோடு செல் சரியாகத்தான் சொல்கிறது. லாரி வரும்போதும் மில்லுக்குப் போகும்போதும் ஈரத்தை எடுத்து, இருப்புப் பதிவேட்டில் எடைக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டம் போட்டு எழுதுங்கள். ஜீரோவை, சைலோ உண்மையிலேயே காலியாகும் நாளில் மட்டும் பாருங்கள். கூம்பு ஓரத்தில் ஒட்டியிருப்பதைத் தட்டிவிட்ட பிறகு. ஆபரேட்டருக்கு ஜீரோ பட்டன் எட்டாதபடி பாஸ்வேர்டு போட்டுவிடுங்கள்.